அப்பா எதற்குச் சரி சொன்னார்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்யத் தயார். தலையில் அடித்துச் செய்யலாம் என்றால், முடியில்லாத தலைக்கு மதிப்புக் குறைவு என்று அக்கா சொல்வாள். ஆகவே என் பல் செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அது போனால் எனக்குச் சோறு இறங்காது என்பது ஊரறிந்த விஷயம்.

எங்கள் அப்பா தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய், குனிந்து, கண்ணாடி மூடியைக் கைக்குட்டையால் துடைத்து, எண்ணைப் படித்துவிட்டு நிமிர்வது அவர் வேலை. அப்படிக் குனிந்து குனிந்து, பிற்காலத்தில் சும்மா நின்றால்கூட எதையோ படிப்பதுபோலவே இருப்பார். அவர் தெருவுக்குள் வந்தால் குழாய்களில் சொட்டுவது நின்றுவிடும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைப்படுத்தல். சொட்டு குறையும், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. கரும்பச்சை நிறம், உருண்டையான முதுகு. முன்விளக்குகள் இரண்டும் எதற்கோ ஆச்சரியப்பட்டு அப்படியே நின்றுவிட்டதுபோல விழித்துக்கொண்டிருக்கும். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்கள் வந்து வண்டியைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அப்பாவுக்கு ஒரு பயம். அது எனக்கும் தொற்றிக்கொண்டது. ஊரைவிட்டுப் போன ஒரு பல் டாக்டர் அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தால் சூடேறிய ரெக்சின், இஞ்சின் எண்ணெய், அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாகக் கிராம்புத் தைலம், எல்லாம் கலந்து ஒரு வாசனை முகத்தில் வந்து மோதும். இன்றைக்கும் எங்கேயாவது கிராம்புத் தைலம் மணந்தால் எனக்கு உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்ப வேண்டும்போல இருக்கும்.

அந்தக் காரில் போன முதல் நீண்ட பயணத்திலேயே அப்பாவின் மனசில் முள் தைத்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டுகிறார். பக்கத்தில் அம்மா. பின்னால் நானும் அக்காவும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து தூக்கம். அப்போது ஒரு லாரி தப்பான பக்கமாக ஏறி வந்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே எங்களைத் தாண்டிப் போயிற்று. சரியாக அந்த நேரம் பார்த்து அம்மா எதையோ சொன்னாள். அப்பாவுக்கு அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. உலகத்தில் எல்லாப் புருஷன்மாரும் செய்வதை அவரும் செய்தார்.

"ம்," என்றார்.

லாரி போய் மறைந்த பிறகு அம்மா கேட்டாள்: "நிஜமாவா? அப்ப சரின்னு வச்சுக்கவா?"

"சரி," என்றார் அப்பா.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அப்பா பார்த்ததில்லையாம். அதைப் பார்த்த பிறகு, 'நீ என்ன சொன்னே' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"நீங்கதானே சரின்னீங்க," என்றாள் அம்மா. "செய்யறப்ப செய்ங்க. அவசரமில்ல."

அவ்வளவுதான். அம்மாவிடம் ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

அப்பா, தான் எதற்குச் சரி சொன்னோம் என்று தெரியாமலேயே அதை நிறைவேற்றப் பார்த்தார். முதலில் வீட்டுக்கு வெள்ளையடித்தார். அம்மா சுவரைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல," என்றாள். தையல் மிஷின் வாங்கி வந்தார். "இதுவும் வேண்டியதுதான். அது இல்ல." மூக்குப்பொடியை விட்டார். "ரொம்ப நல்லது. அது இல்ல." பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீட்டுக்குப் போய், அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். இதற்கு மட்டும் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதை நான் செத்தாலும் கேக்க மாட்டேனே," என்றாள். இப்படியே அப்பா வருஷத்துக்கு வருஷம் ஒழுங்கான மனிதராகிக்கொண்டே போனார். தெருவில் மற்ற பெண்களெல்லாம் அம்மாவிடம் வந்து, உங்க வீட்டுக்காரருக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் அம்மா பொசுக்கென்று போய்விட்டாள். வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு, நாற்காலிகளைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அப்பா சொன்னார்:

"அவளுக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கேண்டா. அது என்னன்னுதான் தெரியல."

அதன் பிறகு அவர் காரை எடுக்கவில்லை. விற்கவும் மனசில்லை. பத்திரமாக நிறுத்தி வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு வந்தவர்தான் மெக்கானிக் 'அப்புறம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்பார் என்பதால் ஊர் வைத்த பெயர் இது. அவர் பட்டறை வாசலில், அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டிய வண்டிகள் வரிசையாக நிற்கும். சிலவற்றின் உள்ளே செடி முளைத்துப் பூத்திருக்கும். அதற்கு மட்டும் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்.

"வண்டியை நிறுத்தி வைக்கிறது, ஆளைத் தூங்க வைக்கிற மாதிரி சார்," என்றார் அவர். "செத்துப்போயிட்டோம்னு அதுக்குத் தோணிடக் கூடாது."

ஷெட்டுக்குள் காரை விட்டு, இரண்டு அச்சுக்கும் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினோம். தரையிலேயே நின்றால் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். டாங்கில் இருந்த பெட்ரோலை வடித்தோம், கிடந்தால் பிசினாகிவிடும். எலி புகாமல் இருக்கச் சைலன்சர் வாயில் துணிப்பந்து அடைத்தோம். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விட்டோம். ரப்பர் பட்டைகளுக்கெல்லாம் முகப்பவுடர் பூசினோம். சீட்டுக்கு அடியில் அந்துருண்டை. உள்ளே காற்று போகட்டும் என்று கண்ணாடிகளைக் கொஞ்சம் கொஞ்சம் இறக்கி விட்டோம். எல்லாவற்றுக்கும் மேலே பருத்தித் துணியில் ஓர் உறை. அம்மாவின் தையல் மிஷினில் அக்கா தைத்தது. காதுக்கு ஒரு பை, வாலுக்கு ஒரு பை என்று அளவெடுத்துத் தைத்திருந்தாள். உறையைப் போட்டதும் கார், பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற குண்டுப் பையன்போல இருந்தது.

"வாரத்துக்கு ஒரு தடவை துணிப்பந்தை எடுத்துட்டு, டப்பாவுல கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி, குழாய் வழியா விட்டு இஞ்சினை ஓட்டுங்க," என்றார் மெக்கானிக். "கியரும் போடணும். சக்கரம் அந்தரத்துலயே சுத்தட்டும். இல்லைன்னா கியர் பாக்ஸ் இறுகிடும்."

எங்கள் குடும்பத்து மூளை வேலை செய்தது இந்த இடத்தில்தான். காரின் மூக்குக்கு நேரே இருந்தது வீட்டுச் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தானுடைய கட்டில். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் கழித்து எழுகிறவர்.

"கட்டை நழுவிடுச்சுன்னா?" என்று கேட்டார் அப்பா.

"நழுவாது சார்."

"நழுவிடுச்சுன்னா?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்ப்பதற்கு அத்தான் இருக்க மாட்டார் என்பது அப்பாவுக்கு உறைத்தது. தீர யோசித்து ஒரு வழி சொன்னார். முன்னால் போகிற கியரே வேண்டாம். ரிவர்ஸ் போடுவோம். கட்டை நழுவினாலும் வண்டி பின்கதவு வழியாகத் தெருவுக்குத்தானே போகும்.

"மாமாவுக்கு என்மேல இவ்வளவு பிரியம் இருக்கும்னு நெனைக்கல," என்று அத்தான் என்னிடம் சொன்னார்.

"உங்கமேல இல்ல அத்தான். சுவர்மேல," என்றேன்.

ஆக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் கார் நின்ற இடத்திலேயே பின்னால் ஓடியது. நாங்கள் ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு டம்ளர் காப்பியோடு அதைச் சுற்றி நிற்போம். வீட்டில் அம்மா இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழிப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்த இஞ்சின் சத்தம் எங்களை ஒரே இடத்தில் நிற்க வைத்தது.

பின்னால் போனால் கிலோமீட்டர் காட்டும் எண்ணும் பின்னால் போகிற வண்டி அது. அப்பா விட்டுவிடுவாரா. ஒவ்வொரு வாரமும் குனிந்து, கைக்குட்டையால் துடைத்து, படித்தார்.

"குறையுது," என்றார்.

"சக்கரம் திருப்பிச் சுத்துது, எண்ணும் திருப்பிச் சுத்துது. இதுல என்ன மாமா இருக்கு," என்றார் அத்தான். "எண்ணுதான் குறையும். வண்டி ஓடின ஓட்டம் குறையாது."

"தண்ணி மீட்டர் குறைஞ்சா, தண்ணி குழாய்க்குள்ள திரும்பிப் போயிருக்குன்னு அர்த்தம் மாப்பிள்ளை. நான் சர்வீஸ்ல பாத்திருக்கேன்."

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் காப்பி ஆறிவிடும் என்று அக்கா உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து, பின் கதவில் இருந்த கீறலைக் காணோம். அத்தான் புது மாப்பிள்ளையாக வந்தபோது, எனக்கும் ஓட்டத் தெரியும் என்று சொல்லிக் கேட் தூணில் உரசிய கீறல் அது. இருந்த இடத்தில் பெயின்ட் பளபளவென்று இருந்தது. இது எப்படி என்று அத்தான் மட்டும் கேட்கவே இல்லை. அந்த ஒரு விஷயத்துக்கு அவரிடம் பௌதிகம் இல்லை.

அடுத்து முன் பம்பரில் இருந்த துரு சுருங்கிச் சுருங்கி, ஒரு புள்ளியாகி, அதுவும் போயிற்று. கிழிந்த சீட் மூடிக்கொண்டது. எந்தக் காலத்திலோ தொலைந்த அக்காவின் குடை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டில் கிடந்தது, மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட. அக்கா அதை விரித்துக் காயப்போட்டுவிட்டு, "அன்னிக்கு இதுக்காக எவ்வளவு வசவு வாங்கினேன்," என்றாள். வசவு கொடுத்தவள்தான் இப்போது இல்லை.

செய்தி பரவி, பழைய கார்களைப் பராமரிக்கிறவர்களின் சங்கத்திலிருந்து ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். காரைச் சுற்றி முழங்காலிட்டே வந்து, எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யார் பெயின்ட் அடிச்சது?"

"நாந்தான்," என்றார் மெக்கானிக்.

"எப்ப அடிச்சீங்க?"

"இன்னும் அடிக்கல. அப்புறம்தான் அடிக்கணும்."

வந்தவர் அதை ஒரு கலைஞனின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு காலையில் காரின் பின் சீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் விசும்பல். பிறகு தேம்பல். பிறகு பெரிய அலறல். அதன் பிறகு சட்டென்று அமைதி. கடைசியில் அக்காவின் சின்ன வயசுக் களுக் சிரிப்பு. வரிசை தலைகீழாக இருந்தாலும் அழுத குரல் என்னுடையதுதான்.

"கிள்ளவே இல்லன்னு அன்னிக்கு அம்மாகிட்டச் சாதிச்சியே," என்றேன் அக்காவிடம்.

"சும்மா இருடா. அதுக்குப் பேரு கிள்ளா. தொட்டேன்."

அப்பா எங்கள் சண்டையைக் கேட்கவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அப்போ," என்றார் அப்பா, "அவ சொன்னதும் இதுக்குள்ள எங்கேயோ இருக்கு."

அன்றிலிருந்து ஞாயிறு என்ற கணக்குப் போயிற்று. அதற்குள் ரிடையராகியிருந்த அப்பா, தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, ஆபீசுக்குப் போகிறவர்போலச் செருப்பு மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். நானும் அக்காவும் முடிந்தபோதெல்லாம் பின் சீட்டில் ஏறிக்கொண்டோம். முன்சீட்டில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எங்களுக்கு முன்னால் சுவர், கீழே மரக்கட்டை. ஆனால் நாங்கள் எங்கள் வீட்டுப் பழைய வருஷங்களுக்குள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம். கூரையில் மழை கீழிருந்து மேலே போகிற சத்தம். ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது நாங்கள் போட்ட சண்டைகள். அம்மா கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவாள்; அதெல்லாம் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு வந்தது. தலைகீழாகப் பேசினாலும் அம்மா அம்மாதான். எந்த இடத்தில் குற்றம் சொல்கிறாள், எந்த இடத்தில் சமாதானமாகிறாள் என்று ராகத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு சொல் புரியாமலே நாங்கள் மூன்று பேரும் சரியான இடங்களில் தலையாட்டினோம்.

"தலைகீழா வந்தா என்ன சொன்னான்னு எப்படிப்பா தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

"அந்தக் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால போய் நிறுத்திட்டு, முன் கியர் போட வேண்டியதுதான்," என்றார் அப்பா.

முன் கியர் என்றதும் அத்தான் தானாகவே கட்டிலை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மெக்கானிக் இரண்டு எச்சரிக்கை சொன்னார். ஒன்று: "ரொம்பப் பின்னால போயிடாதீங்க சார். கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம்தான் உங்க ஓட்டம். அதுக்கு மேல வண்டி டாக்டரோடது." இரண்டு: "திரும்பத் திரும்ப ஓட்டாதீங்க. பழைய டேப்பு மாதிரி, ஒவ்வொரு தடவையும் தேயும். தேஞ்சுதுன்னா அதுக்கு ஸ்பேர் கிடையாது."

அந்த நாள் வந்தபோது அப்பா கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார். காருக்குள் கிராம்புத் தைலம் குப்பென்று அடித்தது. பின் சீட்டில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் யாரோ ஒருவர் வாயைத் திறந்து 'ஆ' என்றார்.

"அப்பா, போதும், நிறுத்துங்க," என்று அக்கா கத்தினாள்.

அப்பா நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, முன் கியரைப் போட்டார். சக்கரங்கள் முதல் தடவையாக நேராகச் சுற்ற ஆரம்பித்தன. சத்தங்களும் நேராக வந்தன. கல்யாண வீட்டு வாசலில் விடைபெறுகிற பேச்சு. கதவுகள் சாத்துகிற சத்தம். "பிள்ளைங்க தூங்கிடுச்சு," என்றாள் அம்மா, என் காதுக்குப் பக்கத்தில், அவ்வளவு இளசான குரலில். அப்பாவின் பிடரி முடி சிலிர்த்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பிறகு ரோடு. பிறகு தூரத்தில் லாரி. நெருங்கி வந்தது. ஹாரன் ஷெட்டின் தகரக் கூரையைத் தூக்கியது. அந்த இரைச்சலுக்குள் அம்மாவின் குரல் ஒரு நூல்போல வந்து, அறுந்து, போயிற்று. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. உடனே தெளிவாக, "நிஜமாவா? அப்ப சரின்னு வச்சுக்கவா?"

"சரி," என்றது அப்பாவின் அந்தக் காலத்துக் குரல்.

"மடையா," என்றார் இந்தக் காலத்து அப்பா, அந்தக் குரலிடம்.

இன்னொரு தடவை பின்னால் போய் முன்னால் வந்தோம். லாரி அப்படியே இருந்தது. அம்மாவின் குரல் முன்னைவிட மெலிந்திருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை தாங்கும் சார்," என்றார். அப்பா காரைவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றி, ஷெட்டின் மூலையில் ஜோடியாக வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு தடவையும் இப்படியே போய்விட்டால், தான் எதற்கு வாக்குக் கொடுத்தோம் என்று தெரியாமலே கண்ணை மூட வேண்டும். அதைத்தான் அவர் நினைத்திருப்பார்.

"லாரிச் சத்தம் எந்தப் பக்கமா உள்ள வருது?" என்று கேட்டது அத்தான்தான். பௌதிகம் ஒருவழியாகப் பயன்பட்டது.

மெக்கானிக் காரைச் சுற்றி வந்து காதை வைத்துப் பார்த்தார். அம்மா உட்காருகிற பக்கத்துக் கண்ணாடி. மற்ற கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டோம். அது மட்டும் ஏறவில்லை. கைப்பிடி கையோடு சும்மா சுற்றியது.

"கதவைப் பிரிக்கணும்," என்றார் அவர்.

அப்புறமா என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் அதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டார்.

கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினால், கண்ணாடியைத் தூக்குகிற பல்லுச்சக்கரத்தில் பாதிப் பல் இல்லை. உடைந்த இடமெல்லாம் கறுத்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. "இது ரொம்பப் பழைய உடைசல் சார். டாக்டர் காலத்துலயே போயிருக்கணும்," என்றார். பல் டாக்டரின் காரில் பல் போயிருந்ததைப் பற்றி அத்தான் ஏதோ சொல்ல வந்தார். அக்கா முறைத்ததும் விட்டுவிட்டார். மெக்கானிக் பித்தளையில் பல்லை வைத்து ஒட்டி, அரத்தால் ராவி, கிரீஸ் தடவினார். கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் அக்கா கம்பளித் துணியை வெட்டி வைத்தாள். அப்பா எதிர்ப் பக்கத்திலிருந்து எட்டி, தானே கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி மெதுவாக ஏறி, மேல் விளிம்பில் போய் உட்கார்ந்தது. ஷெட்டுக்கு வெளியே தெருச் சத்தம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

கடைசி ஓட்டத்துக்கு அத்தானும் ஏறிக்கொண்டார். மெக்கானிக் வெளியே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார். விடைபெறும் பேச்சு. கதவு. "பிள்ளைங்க தூங்கிடுச்சு." ரோடு. லாரி வந்தது; ஆனால் பக்கத்துத் தெருவில் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல வந்து, அப்படியே போய்விட்டது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா காத்திருந்தார். ரோடு ஓடிக்கொண்டிருந்தது. 'நிஜமாவா' வரவில்லை. 'சரின்னு வச்சுக்கவா' வரவில்லை. வளையல் ஒரு தடவை அசைந்தது. அதன் பிறகு, நிதானமாக, ஒரு தூங்குகிற மூச்சு.

"அழிச்சுட்டேன்," என்றார் அப்பா. "இருந்ததையும் அழிச்சுட்டேண்டா."

அக்காதான் முதலில் பேசினாள். "இல்லப்பா. எதையும் அழிக்கல. அம்மாவுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல இப்ப."

"என்னம்மா சொல்றே?"

"கண்ணாடி மூடியிருக்கு. காத்து அடிக்கல. அவ தூங்கறா. அன்னிக்கு அது மூடல. அதைத்தான் சொல்லியிருக்கா. இதைச் சரி பண்ணித் தரீங்களான்னு."

அப்பா திரும்பி அந்தக் காலி சீட்டைப் பார்த்தார். அவர் ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடி எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் என்ன என்று அவர் பார்த்ததே இல்லை.

"அவ கார்ல உக்காந்தா முந்தானையை எடுத்துத் தலையோட போத்திக்குவா," என்றார் கடைசியில்.

"ஆமாப்பா."

"நான் அது எனக்குக் குடுக்கற மரியாதைன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அப்பாவே சிரிக்க ஆரம்பித்தார். அக்காவும் நானும் சேர்ந்துகொண்டோம். வெளியே மெக்கானிக் ஒன்றும் கேட்காமலே சிரித்தார். சிரித்துச் சிரித்து அப்பாவின் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. அவர் தெருவில் நடந்தால் சொட்டு குறையும் என்று சொன்னவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷ வேலை," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "இன்னொரு தடவை சொல்லியிருந்தா என்ன." ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இல்லை. கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டு வந்த மனிதனின் பசிதான் இருந்தது. இஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், உள்ளே போய் உட்கார்ந்து, அம்மா போன பிறகு முதல் தடவையாக இரண்டாம் முறை சோறு போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பா காதில் விழாத எதற்கும் சரி சொன்னதில்லை. "என்ன சொன்னே? திரும்பச் சொல்லு," என்பார், காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூட. அது அத்தானுக்குக் கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருந்தது.

பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் அம்மாவுக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது; அந்தக் காரில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை, எங்கே போனாலும் பஸ்தான்.